வேலிடேட்டர் கைகாட்டும் வரியிலேயே தப்பைத் தேடாதீர்கள்: எக்ஸ்எம்எல் ஸ்கீமா எரர்களைப் பிடிக்கும் வழி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானூறு சொச்சம் எரரோடு ஒரு நூல் பட்டியல் எக்ஸ்எம்எல் ஃபைலாக (டேகுகளுக்குள் தரவை எழுதிவைக்கும் வடிவம்) என் தலையில் வந்து விழுந்தது. வாடிக்கையாளர் கொடுத்த ஸ்கீமாவோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எரர். நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் திருத்த ஆரம்பித்தேன், மதியச் சாப்பாட்டுக்குள் ஓர் அறுபது முடித்திருப்பேன், பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த ஃபைலை எழுதித் தள்ளுன ஸ்கிரிப்ட் எங்கே?" என்று கேட்டார். ஸ்கிரிப்டில் இரண்டு வரிகளை இடம் மாற்றினோம். நானூறும் போச்சு.

அந்த மதியம் உங்களுக்கும் வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலில் எந்த டேக் எங்கே, எப்படி வர வேண்டும் என்று சொல்லும் விதிப் பட்டியல்தான் ஸ்கீமா, அதை வைத்து ஃபைலைச் சோதிக்கும் நிரல் வேலிடேட்டர். ஸ்கீமா என்றால் இங்கே எக்ஸ்எஸ்டி. ஆர்என்ஜி, டிடிடி என்று வேறு ஸ்கீமா வகைகளும் இருக்கின்றன, ஆனால் புதிதாக வருபவர் கையில் பெரும்பாலும் கிடைப்பது எக்ஸ்எஸ்டி ஃபைல்தான். அதன் முதல் பதிப்பு 2001-ல் வந்தது, 1.1 பதிப்பு 2012-ல். இந்தப் பதிப்புச் சமாச்சாரம் பின்னால் ஓரிடத்தில் காலை வாரிவிடும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு புத்தகக் கடையின் பட்டியலை வைத்துக்கொள்வோம். டேகுகளைத் தமிழிலேயே எழுதுகிறேன். எக்ஸ்எம்எல் அதைத் தாராளமாக அனுமதிக்கிறது.

<நூல்கள்>
  <நூல் எண்="பு101">
    <தலைப்பு>மாடித் தோட்டம் போடலாம்</தலைப்பு>
    <விலை>1,250</விலை>
    <வெளியீட்டுநாள்>14/01/2019</வெளியீட்டுநாள்>
    <ஊர்>கோவை</ஊர்>
  </நூல்>
</நூல்கள்>

ஸ்கீமா கேட்பது இது: ஒவ்வொரு நூலுக்குள்ளும் தலைப்பு, ஆசிரியர், விலை, வெளியீட்டுநாள், ஊர் ஆகியவை இதே வரிசையில் வர வேண்டும். விலை டெசிமல் வகை, வெளியீட்டுநாள் டேட் வகை, ஊர் ஒரு குறிப்பிட்ட பட்டியலில் உள்ள பெயர்களில் ஒன்று. மேலே உள்ள ஃபைலில் மூன்று தப்புகள் இருக்கின்றன. மூன்றும் உங்கள் கண்ணுக்கு இப்போதே தெரிந்திருக்கும், ஆனால் வேலிடேட்டர் முதல் தடவையே மூன்றையும் சொல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் ஸ்கீமாவை மறந்துவிடுங்கள்

ஆமாம். முதல் வேலை, ஸ்கீமா இல்லாமல் ஃபைலை மட்டும் ஓட்டிப் பார்ப்பது. எக்ஸ்எம்எல்லில் வெல்ஃபார்ம்ட் என்று ஒன்று, வேலிட் என்று ஒன்று. திறந்த டேகை மூடியிருக்கிறோமா, மேற்கோள்குறி இரண்டு பக்கமும் இருக்கிறதா என்பதெல்லாம் முதல் வகை. ஸ்கீமா கேட்டபடி இருக்கிறதா என்பது இரண்டாவது. முதலாவது சரியாக இல்லாத ஃபைலுக்கு ஸ்கீமா சோதனை நடக்கவே நடக்காது, பார்சர் (ஃபைலைப் படிக்கும் நிரல்) பாதி வழியிலேயே படுத்துவிடும். இரண்டையும் சேர்த்து ஓட்டிவிட்டு வந்த எரர் எந்த வகை என்று தெரியாமல் ஸ்கீமாவைக் குடைந்துகொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கருவிக்கு ரொம்ப அலைய வேண்டாம். லினக்ஸிலும் மேக்கிலும் எக்ஸ்எம்எல்லின்ட் என்ற சின்ன கட்டளை நிரல் போதும், லிப்எக்ஸ்எம்எல்2 என்ற நூலகத்தோடு வருவது. மேக்கில் ஏற்கெனவே இருக்கும், உபுண்டுவில் ஒரு பொதியை நிறுவினால் வந்துவிடும். நோஅவுட் என்ற சுவிட்சைப் போட்டு ஃபைல் பெயரைக் கொடுத்தால் வெல்ஃபார்ம்ட் சோதனை மட்டும் நடக்கும், கூடவே ஸ்கீமா என்ற சுவிட்சையும் எக்ஸ்எஸ்டி ஃபைலின் பெயரையும் சேர்த்தால் முழுச் சோதனை. விண்டோஸ்காரர்கள் விஎஸ் கோடில் ரெட் ஹேட் தரும் எக்ஸ்எம்எல் நீட்சியைப் போட்டுக்கொள்ளலாம், தட்டச்சு செய்யும்போதே சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். இணையத்தில் ஒட்டிப் பார்க்கும் வேலிடேட்டர்களும் உண்டு, ஆனால் வாடிக்கையாளரின் ஃபைலைக் கொண்டுபோய் அங்கே ஒட்டாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் வரும் தொல்லைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. "காபி & டீ" என்று உரைக்குள் வெறும் ஆம்பர்சேண்ட் குறி இருப்பது ரொம்பச் சாதாரணம்; அதை அதற்குரிய குறியீடாக மாற்றித்தான் எழுத வேண்டும். ஃபைலின் முதல் வரியான எக்ஸ்எம்எல் அறிவிப்புக்கு முன்னால் ஒரு வெற்று வரியோ ஒரே ஒரு இடைவெளியோ இருந்தாலும் எரர் வரும். அந்த எரரின் வாசகம் எதையோ பேசும், வெற்று வரி என்று மட்டும் சொல்லவே சொல்லாது. இரண்டு ஃபைல்களை ஒன்றாக ஒட்டியிருந்தால் நடுவில் இரண்டாவது ஃபைலின் பைட் ஆர்டர் மார்க் (ஃபைலின் தொடக்கத்தில் குறியாக்கத்தைக் காட்ட வைக்கும் குறி) கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கலாம். அப்புறம், அறிவிப்பில் யூடிஎஃப்-8 என்று எழுதிவிட்டு ஃபைலை வேறு குறியாக்கத்தில் சேமித்து வைத்திருப்பது. இவ்வளவுதான்.

அடுத்தது, இது சரியான ஸ்கீமாதானா?

ஃபைல் வெல்ஃபார்ம்ட், ஆனால் வேரில் இருக்கும், அதாவது எல்லாவற்றையும் சூழ்ந்திருக்கும் முதல் எலிமென்டிலேயே (திறக்கும் டேக், மூடும் டேக், நடுவில் உள்ளது எல்லாம் சேர்ந்தது ஓர் எலிமென்ட்) "இப்படி ஓர் எலிமென்டுக்கு அறிவிப்பே கிடைக்கவில்லை" என்ற பொருளில் ஓர் எரர் வருகிறது. ஸ்கீமாவைத் திறந்து பார்த்தால் அந்தப் பெயர் அங்கே கல்லுமாதிரி இருக்கிறது. புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இதுதான். பத்துக்கு ஒன்பது தடவை காரணம் நேம்ஸ்பேஸ்.

வேலிடேட்டருக்கு எலிமென்டின் பெயர் என்பது வெறும் "நூல்கள்" இல்லை. நேம்ஸ்பேஸும் பெயரும் சேர்ந்ததுதான் முழுப் பெயர். ஊரில் இரண்டு முருகன் இருந்தால் அப்பா பெயரைச் சேர்த்துச் சொல்வோம் இல்லையா, அதேதான். ஸ்கீமாவின் தலையில் டார்கெட்நேம்ஸ்பேஸ் என்று எழுதியிருப்பதையும் உங்கள் ஃபைலின் வேர் எலிமென்டில் இருப்பதையும் எடுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டி, எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கடைசியில் ஒரு சாய்கோடு கூடுதலாக இருந்தாலும் அது வேறு நேம்ஸ்பேஸ். பார்க்க இணைய முகவரி மாதிரி இருக்குமே தவிர அது வெறும் பெயர், யாரும் அங்கே போய்ப் பார்ப்பதில்லை. வலைத்தளங்களின் சைட்மேப் ஃபைலில் இதை அடிக்கடி பார்க்கலாம்: அதன் நேம்ஸ்பேஸ் எச்டிடிபி என்றுதான் தொடங்குகிறது, "நம் தளம்தான் பாதுகாப்பான தளமாயிற்றே" என்று நல்லெண்ணத்தோடு யாரோ அதில் எஸ் சேர்த்துவிடுவார்கள், அவ்வளவுதான், மொத்த ஃபைலும் அந்நியமாகிவிடும்.

இதற்கு ஒரு தம்பியும் உண்டு. வேர் எலிமென்ட் தப்பித்துவிடும், உள்ளே இருக்கும் எலிமென்ட் மாட்டும். எரர் வாசகமோ "இங்கே நூல் வரக் கூடாது, எதிர்பார்ப்பது நூல்" என்கிற மாதிரி பைத்தியக்காரத்தனமாக இருக்கும். சிரித்துவிட்டு ஸ்கீமாவின் தலையில் எலிமென்ட்ஃபார்ம்டிஃபால்ட் என்ற பண்பைத் தேடுங்கள் (திறக்கும் டேகுக்குள் பெயரும் மதிப்புமாக வருவதுதான் பண்பு). அதை எழுதாமல் விட்டாலோ அன்குவாலிஃபைடு என்று எழுதியிருந்தாலோ, உள்ளே இருக்கும் எலிமென்டுகள் நேம்ஸ்பேஸ் இல்லாமல் வர வேண்டும் என்று பொருள். வேரில் டிஃபால்ட் நேம்ஸ்பேஸ் போட்டிருந்தால் அது உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் சண்டை. ஸ்கீமா உங்களுடையது என்றால் குவாலிஃபைடு என்று மாற்றுங்கள். அடுத்தவருடையது என்றால் உங்கள் ஃபைலில் வேருக்கு மட்டும் முன்னொட்டு வைத்து எழுதுங்கள்.

ஃபைலுக்குள் ஸ்கீமாலொகேஷன் என்று ஒரு பண்பு இருக்கும். அதில் நேம்ஸ்பேஸும் ஸ்கீமா ஃபைலின் இடமும் ஜோடி ஜோடியாக வர வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிடும். இன்னொன்று, அது கட்டளை இல்லை, சும்மா ஒரு துப்புதான். வேலிடேட்டர் அதைக் கண்டுகொள்ளாமல் நீங்கள் வெளியிலிருந்து கொடுத்த ஸ்கீமாவையே எடுத்துக்கொள்ளலாம். "என் கணினியில் சரியாக இருக்கிறது, அவர்களிடம் மட்டும் அடிபடுகிறது" என்றால் இரண்டு பேரும் ஒரே ஸ்கீமாவை வைத்திருக்கிறீர்களா என்பதை முதலில் கேளுங்கள்.

இப்போது எரர் பட்டியல்

சரி, மேலே உள்ள ஃபைலை ஓட்டுவோம். எக்ஸ்எம்எல்லின்ட் நான்காவது வரியைக் காட்டிச் சொல்வதன் சாரம்: "விலை என்ற எலிமென்ட் இங்கே எதிர்பார்க்கப்படவில்லை. எதிர்பார்ப்பது: ஆசிரியர்." ஜாவா உலகத்தில் புழங்கும் செர்சஸ் இதையே சிவிசி என்று தொடங்கும் ஒரு நீளமான குறியீட்டோடு சொல்லும், விஷயம் அதேதான்.

புதியவர் என்ன செய்வார்? நான்காவது வரிக்குப் போவார். அங்கே விலை இருக்கிறது. காற்புள்ளியோடு இருக்கிறது, அதை எடுப்பார், மறுபடி ஓட்டுவார், அதே எரர். விலை டேகின் எழுத்தைச் சரிபார்ப்பார். அழித்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்வார். விலையில் ஒன்றுமே இல்லை. ஆசிரியர் வர வேண்டிய இடத்தில் வேலிடேட்டர் காத்திருந்தது, விலை வந்து நின்றது, அதனால் விலையைப் பிடித்துக்கொண்டது. தடுக்கி விழுந்த இடத்தைத்தான் அது காட்டுகிறது, கல் அதற்கு முந்தைய வரியில். ஆகவே எரரில் "எதிர்பார்ப்பது" என்று வரும் பாதியை முதலில் படியுங்கள், "வந்தது" என்ற பாதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எதிர்பார்க்கும் எலிமென்ட் ஃபைலில் இருக்கிறது, ஆனால் இரண்டு வரி கீழே இருக்கிறது என்றால் அது வரிசைத் தப்பு. ஸ்கீமாவில் சீக்வென்ஸ் என்று எழுதியிருந்தால் வரிசை கட்டாயம், ஆல் என்று எழுதியிருந்தால் எப்படியும் வரலாம், சாய்ஸ் என்றால் ஏதாவது ஒன்று. குறைந்தது எத்தனை தடவை, அதிகம் போனால் எத்தனை தடவை என்று சொல்லும் மின்அக்கர்ஸ், மேக்ஸ்அக்கர்ஸ் இரண்டும் எழுதப்படவில்லை என்றால் சரியாக ஒரு தடவைதான் வரலாம். இரண்டு ஆசிரியர்கள் எழுதிய நூல் இங்கேதான் மாட்டும்.

ஒரே ஒரு எரரைத் திருத்துங்கள், மறுபடி ஓட்டுங்கள். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை. காரணம் இருக்கிறது: ஒரு நூலுக்குள் வரிசை குலைந்துவிட்டால் எக்ஸ்எம்எல்லின்ட் அந்த நூலின் மீதி உள்ளடக்கத்தைச் சோதிக்காமல் தாண்டிவிடும். அதனால்தான் நம் எடுத்துக்காட்டில் ஆசிரியரைச் சேர்த்த பிறகே விலையும் தேதியும் தப்பு என்று புது எரர்கள் முளைக்கும். எரர் எண்ணிக்கை கூடிவிட்டதே என்று பயந்து பழையபடி மாற்றிவிடாதீர்கள், முன்னேறியிருக்கிறீர்கள். அதேபோல ஒரே வாசகம் நூற்றுக்கணக்கில் வந்தால் ஃபைலை விட்டுவிட்டு அதை உருவாக்கிய ஸ்கிரிப்டைத் திறங்கள்.

பெரிய ஃபைலாக இருந்தால் இன்னொரு கூத்து. லிப்எக்ஸ்எம்எல்2 வரி எண்ணைச் சின்ன இடத்தில் வைத்திருந்ததால், 65535-க்கு மேல் உள்ள எந்த வரியில் தப்பு இருந்தாலும் 65535 என்றே காட்டுவதுண்டு. அந்த எண்ணைப் பார்த்தால் நம்ப வேண்டாம். நூல்களைப் பாதிப் பாதியாக வெட்டித் தனித்தனியாக ஓட்டுங்கள், எந்தப் பாதியில் எரரோ அதை மறுபடி பாதியாக்குங்கள். லட்சம் நூல் இருந்தாலும் பதினேழு வெட்டில் ஆள் சிக்கிவிடும். மொத்த ஃபைலும் ஒரே வரியில் இருந்தால் ஒரு பிரதியை எடுத்து ஃபார்மேட் சுவிட்சோடு ஓட்டி வரி பிரித்துக்கொள்ளுங்கள். அனுப்புவது மட்டும் அசல் ஃபைலாக இருக்கட்டும்.

மதிப்புகள்

அமைப்பு சரியானதும் மதிப்புகள் வரிசையில் நிற்கும். டேட் வகைக்கு 2019-01-14 என்ற வடிவம் மட்டும்தான், நாம் எழுதுகிற மாதிரி நாள் முன்னால் வரும் சாய்கோட்டு வடிவம் செல்லாது. டெசிமலில் காற்புள்ளி கூடாது, ரூபாய்க் குறியும் கூடாது: 1250 அல்லது 1250.00. பூலியன் என்றால் ட்ரூ, ஃபால்ஸ், 1, 0 இந்த நான்குதான், அதுவும் ஆங்கிலச் சின்ன எழுத்தில். எக்செல் தன் பழக்கத்துக்குப் பெரிய எழுத்தில் தள்ளிவிடும். நூல் டேகில் உள்ள எண் என்ற பண்பு ஐடி வகையாக இருந்தால் இலக்கத்தில் தொடங்கக் கூடாது. வெறும் 101 அடிபடும், பு101 செல்லும், ஒரே ஃபைலில் இரண்டு தடவை வந்தால் அதுவும் அடிபடும்.

காலி எலிமென்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "வெளியீட்டுநாள் கட்டாயமில்லை என்று ஸ்கீமாவில் இருக்கிறதே, ஏன் எரர்?" என்பார்கள். மின்அக்கர்ஸ் 0 என்றால் அந்த எலிமென்டையே எழுதாமல் விடலாம் என்று பொருள். திறந்து மூடிக் காலியாக வைக்கலாம் என்று இல்லை. காலி உரை ஒரு தேதியே இல்லை. டேகோடு சேர்த்து எடுத்துவிடுங்கள், இல்லை ஸ்கீமாவில் நில்லபிள் (மதிப்பில்லாமல் விடலாம் என்ற) அனுமதி இருந்தால் நில் பண்பைப் போடுங்கள்.

250 என்று பளிச்சென்று தெரிகிறது, ஆனாலும் டெசிமல் இல்லை என்கிறதா? பின்னால் ஒட்டியிருக்கும் இடைவெளியைச் சந்தேகப்படுங்கள். சாதாரண இடைவெளி என்றால் எண் வகைகளில் வேலிடேட்டரே தட்டிவிட்டுக்கொள்ளும். வேர்டிலிருந்தோ வலைப்பக்கத்திலிருந்தோ ஒட்டும்போது வரும் உடையா இடைவெளி அதன் கணக்கில் இடைவெளியே இல்லை, அதுவும் ஓர் எழுத்து.

ஸ்கீமாவில் பேட்டர்ன் (மதிப்பு எந்த வடிவில் வர வேண்டும் என்ற விதி) எழுதியவர் வேறு மொழிகளில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பழகியவராக இருந்தால், தொடக்கத்தைக் காட்ட மேல்நோக்கிய குறியும் முடிவைக் காட்ட டாலர் குறியும் போட்டிருப்பார். எக்ஸ்எஸ்டியில் பேட்டர்ன் எப்போதும் முழு மதிப்புக்கும் பொருந்த வேண்டியதுதான், அந்தக் குறிகளுக்குத் தனிப் பொருள் கிடையாது. விளைவு, பின்கோடுக்கு முன்னால் நிஜமாகவே ஒரு குறி வர வேண்டும் என்று ஸ்கீமா கேட்கும், ஒரு பின்கோடும் தேறாது.

தமிழ் உரை இருந்தால்

இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான் என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் வழிகாட்டி எதிலும் இது இருக்காது.

ஊர் என்ற எலிமென்டுக்கு ஸ்கீமாவில் மேக்ஸ்லெங்த் (அதிகபட்ச நீளம்) 10 என்று இருக்கிறது. திருநெல்வேலி என்று எழுதினால் எரர். நம் கணக்கில் தி, ரு, நெ, ல், வே, லி, ஆறே எழுத்து. வேலிடேட்டரின் கணக்கு யூனிகோடு குறிகளில்: தி என்பதில் த தனி, இகரக் குறி தனி, ல் என்பதில் ல தனி, புள்ளி தனி. மொத்தம் பன்னிரண்டு. ஆங்கிலத்தை மனதில் வைத்து நீளம் முடிவு செய்த ஸ்கீமாக்களில் தமிழ்ப் பெயர்கள் இப்படித்தான் வெட்டுப்படும். தரவைச் சுருக்காதீர்கள், நீளத்தைக் கூட்டச் சொல்லுங்கள், மூன்று மடங்கு கேட்டாலும் தப்பில்லை.

அடுத்தது இன்னும் மோசம். அனுமதிக்கப்பட்ட ஊர்ப் பட்டியலில் கோவை இருக்கிறது, ஃபைலிலும் கோவை இருக்கிறது, எரர் வாசகத்திலும் கோவை என்றுதான் வருகிறது, ஆனாலும் கோவை பட்டியலில் இல்லை என்கிறது. ஒரு முழு நாள் போச்சு எனக்கு. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய தரவு அது. கோ என்பதை க-வோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். க-வுக்கு ஏகாரக் கொம்பு தனியாக, துணைக்கால் தனியாக வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பைத்தானில் நீளத்தைக் கேட்டால் ஒன்று 4 என்கிறது, மற்றது 5 என்கிறது. வேலிடேட்டர் இதையெல்லாம் தானாக ஒருமைப்படுத்தாது. ஃபைலையும் ஸ்கீமாவையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிட்டு ஓட்டினால் தீர்ந்துவிடும்.

ஸ்ரீரங்கம் மட்டும் அதிலும் தீராது. ஸ்ரீ என்பதை ஸ் வைத்தும் எழுதுகிறார்கள், ஶ் என்ற பின்னால் வந்த எழுத்தை வைத்தும் எழுதுகிறார்கள். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே மாதிரி வரையும், யூனிகோடுக்கு அவை வெவ்வேறு எழுத்துகள், என்எஃப்சி கைவைக்காது. நீங்களே தேடி மாற்ற வேண்டியதுதான். சொல்லப்போனால் அந்த ஶ எழுத்தை டேகின் பெயரிலேயே வைத்தால் 2008-ல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு முந்தைய எக்ஸ்எம்எல் 1.0 விதிகளைப் பின்பற்றும் பார்சர்கள் பெயரே செல்லாது என்றுவிடும். டேகில் அதைத் தவிர்ப்பது நல்லது.

ஸ்கீமாவே படுத்துக்கொண்டால்

எரர் உங்கள் ஃபைலின் பெயரைச் சொல்லாமல் எக்ஸ்எஸ்டி ஃபைலின் பெயரைச் சொன்னால் தரவைத் தொடாதீர்கள். பெரும்பாலும் ஒரு ஸ்கீமா இன்னொன்றை இம்போர்ட் அல்லது இன்க்ளூட் செய்திருக்கும், அந்த இன்னொன்று உங்களிடம் இருக்காது. அவர்கள் ஜிப்பில் அனுப்பிய கோப்புறை அமைப்பை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், ஒரே இடத்தில் கொட்டினால் தொடர்புப் பாதைகள் அறுந்துவிடும். இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லியிருந்தால் ஒரு தடவை இறக்கி உங்களிடம் வைத்துக்கொண்டு, கேட்டலாக் ஃபைல் (இந்த இணைய முகவரிக்குப் பதில் இந்த ஃபைலை எடு என்று சொல்வது) மூலம் அதைக் காட்டுங்கள். எக்ஸ்எம்எல் தரங்களை வெளியிடும் அமைப்பான டபிள்யூ3சி தன்னிடமிருக்கும் டிடிடி, ஸ்கீமா ஃபைல்களைக் கேட்டு ஒரே நாளில் 13 கோடி வரை கோரிக்கைகள் வருவதாக 2008-ல் புலம்பியது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் போய் வாங்கிக்கொண்டிருந்த நம்மைப் போன்றவர்களின் நிரல்கள்தான் அத்தனையும். ஓவராகப் போனால் வேண்டுமென்றே தாமதப்படுத்துவார்கள், உங்கள் வேலிடேஷன் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

ஸ்கீமாவுக்குள் அஸர்ட் என்ற சொல் கண்ணில் பட்டால் அது 1.1 பதிப்பு. எக்ஸ்எம்எல்லின்டுக்கு 1.0 மட்டும்தான் தெரியும், ஸ்கீமாவே தப்பு என்று கை விரித்துவிடும். செர்சஸின் 1.1 ஆதரவுள்ள வெளியீட்டையோ, பைத்தானில் எக்ஸ்எம்எல்ஸ்கீமா என்ற நூலகத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்து "வேலிடேட்ஸ்" என்ற ஒற்றைச் சொல் வந்ததும் ஃபைலை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போகலாம். அன்று சாயங்காலமே அங்கிருந்து திரும்பி வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்: விலை 0.00, வெளியீட்டுநாள் 2109-01-14, இரண்டும் ஸ்கீமாவின் கண்ணுக்குச் சுத்தமாக இருக்கும், வாங்குபவர் கண்ணுக்கு இருக்காது. அந்த மாதிரி விதிகளுக்கு அவர்கள் ஸ்கீமட்ரான் ஃபைல் ஒன்றைத் தனியாக வைத்திருப்பார்கள். எக்ஸ்எஸ்டியை வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.